காரணம் வேறு, குற்றம் வேறு

ஒரு வீட்டில் மாரடைப்பால் மரணம் நேர்ந்துவிட்டது என்ற செய்தி பரவுகிறது. துக்கம் விசாரிக்க வருபவர்கள் முதலில் கேட்பது, "வயது என்ன?" என்பது. அடுத்த கேள்வி தாழ்ந்த குரலில் வருகிறது: "புகை பிடிப்பாரா? குடிப்பழக்கம் உண்டா?" ஆம் என்று பதில் கிடைத்தால் கேட்டவரின் முகத்தில் ஒரு தெளிவு தோன்றுகிறது. இல்லை என்றால் அவர் விடுவதில்லை. சர்க்கரை இருந்ததா, எண்ணெய்ப் பண்டங்கள் அதிகம் சாப்பிடுவாரா, எளிதில் கோபம் வருமா என்று விசாரணை நீள்கிறது. ஏதேனும் ஒரு குறை அகப்பட்ட பிறகே மனம் அமைதி கொள்கிறது.

இந்த விசாரணை இறந்தவரைப் பற்றியது போலத் தோன்றுகிறது. ஆனால் அதன் அடியில் இருப்பது கேட்பவரின் அச்சமே. 'அவரிடம் இருந்த குறை என்னிடம் இல்லை. ஆகவே இது எனக்கு வராது' என்ற ஆறுதலை அவர் தேடுகிறார். அந்த ஆறுதலுக்கு விலை கொடுப்பவர்கள் இறந்தவரின் மனைவியும் மக்களும். துயரத்தோடு ஒரு பழியையும் சேர்த்துச் சுமக்க வேண்டியவர்களாகிறார்கள்.

இங்கே ஓர் அறக்கேள்வி எழுகிறது. நோய்க்குக் காரணங்கள் உண்டு என்று மருத்துவம் கூறுகிறது. வினைக்குப் பயன் உண்டு என்று சாஸ்திரம் கூறுகிறது. இவ்விரண்டையும் ஏற்றுக்கொண்டவன், நோயுற்றவனைப் பார்த்து, 'இது நீயே தேடிக்கொண்டது' என்று சொல்லலாமா? சொல்லக் கூடாது என்றால், 'புகையிலையை விட்டுவிடு' என்று அவனுக்கு எந்த அடிப்படையில் அறிவுரை கூறுவது?

மலைச்சரிவில் எழும் கேள்வி

மும்பையின் கிழக்குப் புறநகரான விக்ரோலியில் இக்கேள்வி கூர்மையாக எழுகிறது. மத்திய ரயில்பாதையில் காட்கோபருக்கும் காஞ்சூர்மார்குக்கும் இடையில் உள்ளது இவ்வூர். 1940-களில் பிரோஜ்ஷா கோத்ரெஜ் இங்கே பரந்த நிலத்தை வாங்கினார். பின்னர் அங்கே தொழிற்சாலைகளும் தொழிலாளர் குடியிருப்பும் எழுந்தன. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலுக்கான வாக்குப்பெட்டிகள் பல இலட்சம் விக்ரோலியில் செய்யப்பட்டவை. ஊரின் கிழக்கே தானே கழிமுகத்தின் அலையாத்திக் காடுகள். மேற்கே மலைச்சரிவில், ஒன்றின் தோள்மீது ஒன்று நிற்பது போன்ற சிறு வீடுகள். பிழைப்பைத் தேடி வந்த பல மாநிலத்து மக்களோடு தமிழ்க் குடும்பங்களும் இங்கே வாழ்கின்றன.

2021 ஜூலை 18 அன்று அதிகாலையில் பெய்த பெருமழையில், விக்ரோலி சூர்யாநகரில் மண் சரிந்து வீடுகள் இடிந்தன. உறங்கிக் கொண்டிருந்தவர்களில் பலர் மாண்டார்கள். அன்று யாரும் இறந்தவர்களின் பழக்கவழக்கங்களை விசாரிக்கவில்லை. மழையின் அளவு என்ன, சரிவில் தடுப்புச்சுவர் இருந்ததா, ஆபத்தான இடத்தில் மக்கள் ஏன் குடியிருக்க நேர்ந்தது என்றே கேட்டார்கள். அவை நியாயமான கேள்விகள்.

அதே சரிவில், வேறொரு நாள், இரவுப்பணி முடித்துப் படியேறி வரும் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் மட்டும் கேள்வியின் திசை மாறிவிடுகிறது. மண்சரிவுக்கு வெளியே காரணம் தேடும் மனம், மாரடைப்புக்கு அம்மனிதனின் ஒழுக்கத்தில் காரணம் தேடுகிறது. இந்த வேறுபாட்டுக்கு உண்மையில் என்ன ஆதாரம் இருக்கிறது?

துன்பத்தைப் பாவத்தின் தண்டனையாகக் கொள்வது பற்றி நம் நாட்டில் ஒரு புகழ்பெற்ற விவாதம் நடந்திருக்கிறது. 1934 ஜனவரி 15 அன்று பீகாரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. அப்போது தமிழகத்தில் ஹரிஜன யாத்திரையில் இருந்த காந்தியடிகள், திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் அளித்த தண்டனையாக அதைக் கண்டார். காந்தியடிகளிடம் பெருமதிப்புக் கொண்டிருந்த இரவீந்திரநாத் தாகூர் இதை வெளிப்படையாக மறுத்தார். இயற்கை நிகழ்ச்சிக்கு இயற்கையிலேயே காரணம் தேட வேண்டும் என்பதும், அறநெறியை அதனோடு பிணைப்பது பகுத்தறிவுக்கு ஒவ்வாது என்பதும் அவர் வாதம்.

காரணத்தைப் பொறுத்தவரை தாகூர் சொன்னதே சரி. ஆயினும் காந்தியடிகளின் பேச்சில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அவர் 'பீகாரில் இறந்தவர்களின் பாவம்' என்று கூறவில்லை. 'நமது பாவம்' என்று தம்மையும் சேர்த்தே கூறினார். சுட்டுவிரல் தம்மை நோக்கித் திரும்பியிருந்தது. துக்க வீட்டில் கேட்கப்படும் கேள்வியில் அந்த விரல் எதிர்ப்பக்கம் நீள்கிறது.

மருத்துவம் உண்மையில் சொல்வது என்ன?

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்களின் உட்சுவரில் கொழுப்பும் பிற பொருள்களும் பல்லாண்டுகளாகப் படிகின்றன. ஒருநாள் அப்படிவின் மேல்தோல் வெடிக்கிறது. அவ்விடத்தில் இரத்தம் உறைந்து கட்டியாகிக் குழாயை அடைக்கிறது. இரத்தம் எட்டாத தசை சிறிது சிறிதாக இறக்கத் தொடங்குகிறது. இதுவே மாரடைப்பு. ஒரு நொடியில் நேர்வதுபோல் தோன்றும் இந்நிகழ்ச்சிக்குப் பின்னால் முப்பது நாற்பது ஆண்டு வரலாறு இருக்கிறது.

அந்த வரலாற்றைத் தேடி 1948-இல் அமெரிக்காவின் ஃபிராமிங்காம் நகரில் 5,209 பேரைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு தொடங்கியது. இரத்த அழுத்தம், கொலஸ்டிரால், புகைபிடித்தல் ஆகியவற்றுக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை அது நிறுவியது. 'இடர்க் காரணிகள்' என்ற கருத்து பரவியதும் அந்த ஆய்வினால்தான். 2004-இல், கேரளத்தில் பிறந்த மருத்துவர் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு வெளியாயிற்று. புகையிலை, இரத்தக் கொழுப்பின் சீர்கேடு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், காய்கனி குறைந்த உணவு, உடலுழைப்பின்மை, மது தொடர்பான பழக்கம் ஆகிய ஒன்பதும் சேர்ந்து, முதல் மாரடைப்புக்கான இடரில் சுமார் 90 சதவீதத்தை விளக்குகின்றன என்று அது காட்டியது. அதே ஆய்வின் தரவுகளைக் கொண்டு 2007-இல் வெளியான கட்டுரை, தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது, பிற நாட்டவருக்கு ஏறத்தாழ 59 வயதில் வருகிறது என்றது. ஆறு ஆண்டுகள் முந்தி வருகிறது என்பது ஒரு குடும்பத்துக்குச் சிறிய செய்தியன்று. மகளின் படிப்பு முடியுமுன், வீட்டுக் கடன் தீருமுன் வருகிறது என்று பொருள்.

இவற்றைக் கேட்டவுடன், 'பார்த்தீர்களா, தொண்ணூறு சதவீதம் அவரவர் பழக்கம்தானே?' என்று முடிவு கட்டத் தோன்றும். இங்கேதான் தர்க்கம் தவறுகிறது. அந்த எண் மக்கள் தொகுதியைப் பற்றியது. தனி மனிதன் ஒருவனுடைய தீர்ப்பு அதில் இல்லை.

விக்ரோலியின் ஒரே தெருவில் வாழும் இரு தொழிலாளரை எண்ணிப் பார்க்கலாம். இருவரும் இருபது ஆண்டுகளாகப் பீடி பிடிப்பவர்கள். ஒருவர் ஐம்பதாவது வயதில் மாரடைப்பால் இறக்கிறார். மற்றவர் எண்பது வயதில் திண்ணையில் அமர்ந்து பேரனுக்குக் கதை சொல்கிறார். மூன்றாவது ஒருவர் பீடியைத் தொட்டதே இல்லை. ஆயினும் நாற்பத்தைந்தில் இறந்துபோகிறார். பழக்கமே குற்றம், நோயே தண்டனை என்றால், முதல்வர் தண்டிக்கப்பட்டதும், இரண்டாமவர் விடுவிக்கப்பட்டதும், மூன்றாமவர் குற்றமின்றித் தண்டிக்கப்பட்டதும் எந்த நியாயத்தில் சேரும்?

இந்தியத் தர்க்க மரபு இதைத் தெளிவாக்க ஒரு கருவி தருகிறது. மலையில் புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பது நியாய சாஸ்திரத்தின் பழைய எடுத்துக்காட்டு. புகை உள்ள இடத்தில் எல்லாம் நெருப்பு இருக்கும் என்ற பிரியாத உடனிகழ்ச்சியே அந்த ஊகத்துக்கு அடிப்படை. அதற்கு வியாப்தி என்று பெயர். பீடியின் புகைக்கும் மாரடைப்புக்கும் அத்தகைய வியாப்தி இல்லை. புகை இருந்தும் நோய் வராத இடங்கள் உண்டு. புகை இல்லாமல் நோய் வந்த இடங்களும் உண்டு. அவற்றினிடையே இருப்பது வலிமையான, ஐயத்துக்கு இடமில்லாத, ஆனால் விதிவிலக்குகள் கொண்ட தொடர்பு. எதிர்காலத்துக்குத் திட்டமிட அது தாராளமாகப் போதும். நடந்து முடிந்த ஒரு மரணத்திலிருந்து பின்னோக்கிச் சென்று அம்மனிதனின் ஒழுக்கத்தை ஊகிக்க அது போதாது.

எளிய அறவிளக்கங்கள் எப்படி இடறுகின்றன என்பதற்கு மும்பையிலேயே ஒரு சான்று இருக்கிறது. மேற்கு ரயில்வேயின் மருத்துவராக இருந்த எஸ்.எல். மல்ஹோத்ரா, இந்திய ரயில்வேயின் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களின் தகவல்களை ஆராய்ந்து 1967-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நெய்யும் பாலும் மிகுதியாக உண்ட வடக்கத்தியரைவிட, கொழுப்பை மிகக் குறைவாக உண்ட தென்னாட்டு ஊழியர்களிடையே இதய நோய் மரணங்கள் ஏறத்தாழ ஏழு மடங்கு அதிகமாக இருந்ததாக அவர் கண்டார். அதற்கு அவர் கூறிய காரணங்கள் விவாதத்துக்கு உரியவை. ஆனால், 'நாவை அடக்காதவன் நோயுறுகிறான்' என்ற ஒற்றை வரித் தீர்ப்பால் அந்தப் புதிரை அவிழ்க்க முடியாது.

கர்மக் கோட்பாட்டின் சரியான இடம்

'அப்படியானால் கர்மம் என்பது பொய்யா?' என்று அன்பர்கள் கேட்கலாம். பொய்யன்று. அதைப் பயன்படுத்தும் இடம்தான் தவறுகிறது.

வேதாந்தம் கர்மத்தை மூன்றாகப் பிரிக்கிறது. சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், பயன்தரத் தொடங்கிவிட்ட பிராரப்தம், இனிச் செய்து சேர்க்கப் போகும் ஆகாமி. பிறந்த குடி, பெற்ற உடல், வந்த காலம் ஆகியவை பிராரப்தத்தின் பாற்பட்டவை. மனிதன் அவற்றோடு தொடங்குகிறான். அவற்றை அவன் இப்பிறவியில் தேர்ந்தெடுக்கவில்லை.

மருத்துவம் தன் மொழியில் இதற்கு இணையான ஒன்றைக் கண்டறிந்திருக்கிறது. மைசூரின் ஒரு மிஷன் மருத்துவமனையில் 1934 முதல் 1954 வரை பிறந்தவர்களின் எடைக்குறிப்புகள் பாதுகாக்கப்பட்டிருந்தன. அவர்களில் 517 பேரை நடுவயதில் பரிசோதித்து 1996-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. பிறக்கும்போது இரண்டரைக் கிலோ அல்லது அதற்கும் குறைவாக இருந்தவர்களில் சுமார் 11 சதவீதத்தினருக்கு இதயக்குழாய் நோய் இருந்தது. மூன்று கிலோவுக்கு மேல் எடையோடு பிறந்தவர்களில் அது சுமார் 3 சதவீதமே. தாயின் வயிற்றில் இருந்தபோது கிடைக்காத ஊட்டம், ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு மகனின் இதயத்தில் கணக்குக் கேட்கிறது.

இதைச் சற்று எண்ண வேண்டும். பஞ்சம் மிகுந்த ஒரு சிற்றூரில், கருவுற்ற ஒரு தாய் இருந்த கஞ்சியை மூத்த பிள்ளைகளுக்கு ஊற்றிவிட்டுத் தான் வெறும் வயிற்றோடு படுக்கிறாள். எடை குறைந்து பிறந்த பிள்ளை வளர்ந்து, நகரத்துக்கு வந்து, தொழிற்சாலையில் சேர்ந்து, முதல்முறையாக வயிறார உண்கிறான். நடுவயதில் நெஞ்சு அடைக்கிறது. இதில் குற்றவாளி யார்? பட்டினி கிடந்த தாயா? பசி தீர உண்ட மகனா? காரணச் சங்கிலியில் எத்தனையோ கண்ணிகள் இருக்கின்றன. குற்றம் என்று சுட்டத்தக்க கண்ணி ஒன்றுகூட அவ்விருவர் கையில் இல்லை. அந்தத் தாயின் செயலோ தவத்துக்கு நிகரானது.

கர்மத்தின் போக்கை அறிந்துவிட்டதாக எண்ணுவோரைக் கீதை நான்காம் அத்தியாயத்திலேயே எச்சரிக்கிறது. திருக்குறளில் அறத்தின் பயனைப் பற்றிய ஒரு குறள், பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் ஏறிச் செல்பவனையும் பேசுகிறது. அறப்பயனுக்கு நூற்சான்று வேண்டியதில்லை, அவ்விருவரையும் கண்ணால் கண்டே அறியலாம் என்று பரிமேலழகர் உரை கொண்டார். அவ்விருவரைக் காட்டி 'இதுதான் அறத்தின் வழி' என்று சொல்லாதே என வள்ளுவர் விலக்குகிறார் என்று பிற்காலத்தார் பலர் பொருள் கொண்டனர். இரண்டாவது பொருளே இங்குத் துணை நிற்கிறது. ஒருவன் தோளில் இருக்கும் சுமையைப் பார்த்து அவனுடைய முன்வினையைப் படித்துவிட முடியாது.

மகான்களின் வாழ்க்கையும் இதையே உணர்த்துகிறது. ஸ்ரீராமகிருஷ்ணர் 1886-இல் தொண்டைப் புற்றுநோயால் உடலை நீத்தார். சுவாமி விவேகானந்தர் நீரிழிவாலும் ஆஸ்துமாவாலும் துன்புற்று, 1902-இல் 39 வயதில் மறைந்தார். ரமண மகரிஷி 1950-இல் கையில் தோன்றிய புற்றுக்கட்டியால் மறைந்தார். விக்ரோலிக்கு அருகில் உள்ள பவயில் 1963-இல் சாந்தீபனி சாதனாலயத்தை நிறுவிய சுவாமி சின்மயானந்தர் இதய நோயாளியே. 1980-இல் அமெரிக்காவில் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் ஓயாமல் கீதையையும் உபநிடதங்களையும் விளக்கி, 1993 ஆகஸ்ட் 3 அன்று சான் டியேகோவில் மகாசமாதி அடைந்தார். இவர்களுடைய நோயைக் கொண்டு இவர்களுடைய புண்ணியத்தை அளக்க எவரும் துணிவதில்லை. மகான்களுக்குக் காட்டும் இந்த அடக்கத்தை, மலைச்சரிவில் வாழும் தொழிலாளிக்கும் காட்டுவது நியாயம்.

விதி என்னும் மறுகோடி

பழி கூறுவது ஒரு தவறு என்றால், 'எல்லாம் தலையெழுத்து' என்று கைகட்டி இருப்பது அதற்கு எதிரான தவறு. 'வருவது வந்தே தீரும், மாத்திரை எதற்கு?' என்று கேட்பவர் தம்மை வேதாந்தி என்று எண்ணிக்கொள்கிறார். ஆனால் யோகவாசிட்டம் தன் இரண்டாம் பிரகரணத்தில் மிக விரிவாகக் கண்டிப்பது இந்த மனப்பான்மையைத்தான். முன்வினை என்பதும் முன்பு செய்த முயற்சியே; இன்றைய முயற்சி அதனோடு முட்டிமோதுகிறது; வலியது வெல்கிறது என்று அந்நூல் ஆட்டுக்கடாக்களின் சண்டையை உவமையாக்கி விளக்குகிறது.

இடர்க் காரணிகள் பற்றிய அறிவு ஆகாமியின் களத்துக்கு உரியது. ஐம்பது வயதில் புகையிலையை விட்டாலும் பயன் உண்டு. பீடி சிகரெட்டைவிடத் தீங்கு குறைந்தது என்ற எண்ணம் தவறு. மும்பையில் ஒன்றரை இலட்சம் பேர் வரை கொண்டு நடந்த நீண்டகால ஆய்வு, பீடி எவ்வகையிலும் குறைந்த தீங்கு அன்று எனக் காட்டியது. உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. அளந்து பார்த்தால் அன்றி அது தெரியாது. தெரிந்தபின் உப்பைக் குறைப்பதும், நாள்தோறும் நடப்பதும், மருத்துவர் தந்த மாத்திரையை விடாமல் உண்பதும் புருஷார்த்தமே.

ஆகவே முதலில் எழுந்த கேள்விக்கு விடை இவ்வாறு அமைகிறது. கர்மக் கோட்பாடு தன்மையில் கூறத்தக்கது. 'என் செயலுக்கு நான் பொறுப்பு' என்று ஒருவன் தன்னை நோக்கிச் சொல்லும்போது அது அவனுக்கு ஆற்றல் தருகிறது. 'உன் செயலின் பயனை நீ அனுபவிக்கிறாய்' என்று பிறரை நோக்கிச் சொல்லும்போது அதே கோட்பாடு கொடுமையாகிவிடுகிறது. பிறரை நோக்கும்போது சாஸ்திரம் விதிப்பது கருணையை. எதிர்காலத்தை நோக்கும்போது பொறுப்பு. நடந்ததை நோக்கும்போது பரிவு. புகையிலையை விடச் சொல்வது எதிர்காலத்தை நோக்கிய சொல். ஆகவே அது அன்பின் சொல்லாக இருக்க முடியும்.

பழி உயிரைக் குடிக்கும் விதம்

இது வெறும் நாகரிகம் பற்றிய பேச்சன்று. மாரடைப்பில் நேரமே உயிர். அடைப்பை மருந்தால் கரைத்தோ, குழாய் வழியே நீக்கியோ இரத்த ஓட்டத்தை மீட்கும் சிகிச்சை, எத்தனை விரைவில் கிடைக்கிறதோ அத்தனை தசை பிழைக்கும். நெஞ்சின் நடுவே அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை எச்சரிக்கைகள். பெண்களிடமும் நீரிழிவு உள்ளவர்களிடமும் வலி தெளிவாக இல்லாமல், களைப்பாகவோ குமட்டலாகவோ தோன்றலாம். 'வாயுதான்' என்று சோடா குடித்து உறங்கச் செல்லும் இரவில் அந்த அரிய நேரம் கரைந்துவிடுகிறது. 108 எண்ணை அழைப்பதற்கு அந்த நேரத்தில் எந்தத் தயக்கமும் வேண்டியதில்லை.

நோயைக் குற்றமாகக் கருதும் வீட்டில் தயக்கம் இயல்பாகவே கூடுகிறது. பீடியை விட்டுவிட்டதாக மனைவியிடம் சொல்லிவிட்டு ஒளிந்து பிடிப்பவன், நெஞ்சு வலியையும் ஒளிக்கிறான். சர்க்கரை கூடியது தெரிந்தால் ஏச்சு விழும் என்று அஞ்சுபவள், பரிசோதனைக்கே செல்வதில்லை. வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என மருத்துவத்தை நான்கு கூறாக்கினார். அவற்றுள் நீதிபதிக்கு இடம் இல்லை.

பொறுப்பு ஒருவருடையது மட்டுமா?

பரிவு என்பது வாளாவிருத்தல் என்று பொருள்படாது. பழி கூறுவதை விட்டவுடன், பொறுப்பு யார் யாரிடம் உண்டு என்ற கேள்வி தெளிவாகத் தெரியத் தொடங்குகிறது.

1967 முதல் இலண்டனின் அரசு ஊழியர்களிடையே நடந்த வைட்ஹால் ஆய்வில், கடைநிலை ஊழியர்கள் உயர் அலுவலர்களைவிட மிக அதிகமாக இதய நோயால் இறந்தது தெரிந்தது. புகை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகிய வழக்கமான காரணிகளைக் கணக்கில் எடுத்த பின்னும் அந்த இடைவெளி முழுதும் மறையவில்லை. தன் வேலையின்மீது தனக்கு எவ்வளவு கட்டுப்பாடு உண்டு என்பதும் இதயத்தைப் பாதிக்கிறது. மாறிமாறி வரும் ஷிப்டு, நெரிசல் மிகுந்த ரயில், பத்துக்குப் பத்து அறையில் கிடைக்கும் அரைகுறை உறக்கம், நடக்க இடமில்லாத தெரு, கரி படிந்த காற்று ஆகியவற்றைத் தொழிலாளி தன் விருப்பத்தால் மேற்கொண்டதில்லை. பசிக்கும் நேரத்தில் மலிவாகக் கிடைப்பது வடாபாவ். பழம் அதைவிட விலை கூடியது.

ஆங்கிலேய மருத்துவ அறிஞர் ஜெஃப்ரி ரோஸ் 1985-இல் ஓர் உண்மையை எடுத்துக் காட்டினார். மிகுந்த இடரில் உள்ள சிலரிடையே நிகழும் மரணங்களைவிட, சிறிதளவு இடரில் உள்ள பலரிடையே நிகழும் மரணங்களின் மொத்த எண்ணிக்கை அதிகமாக இருக்கக்கூடும். ஆகவே சிலரைத் தனியே பிரித்துக் கண்டிப்பதைவிட, சமூகம் முழுவதன் பழக்கத்தையும் சூழலையும் சிறிதளவு மாற்றுவது அதிக உயிர்களைக் காக்கும்.

இது நடைமுறையில் நிகழ்ந்தும் இருக்கிறது. தமிழரும் வாழும் மொரீஷியஸ் தீவில், 1987-இல் அரசு மக்கள் பொதுவாக வாங்கும் சமையல் எண்ணெயின் கலவையைப் பாமாயிலிலிருந்து சோயா எண்ணெய்க்கு மாற்றியது. ஐந்து ஆண்டுகளில் மக்களின் சராசரி கொலஸ்டிரால் ஏறத்தாழ 15 சதவீதம் குறைந்தது. உடற்பருமன் குறையவில்லை என்பதும் உண்மை. ஒரு நடவடிக்கை எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. ஃபின்லாந்தின் வடகரேலியாவில், இளம் வயதிலேயே ஆண்கள் இதய நோயால் மடிவதைக் கண்டு, 1972-இல் ஓர் இயக்கம் தொடங்கியது. இல்லத்தரசிகளின் சங்கங்களும் ஆலைகளும் பள்ளிகளும் அதில் சேர்ந்தன. முப்பத்தைந்து ஆண்டுகளில் உழைக்கும் வயதிலுள்ள ஆண்களின் இதய நோய் மரணங்கள் அங்கே 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. நம் நாட்டிலும் மகாராஷ்டிரம் 2012-இல் குட்கா விற்பனையைத் தடை செய்தது. எண்ணெய், வனஸ்பதி ஆகியவற்றில் ட்ரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இவை லோக சங்கிரகம் என்று கீதை போற்றும் உலக நலச் செயலின் இன்றைய வடிவங்கள்.

சத்சங்கத்திலிருந்து தொடங்கலாம்

அடியார் கூட்டங்களும் இதில் தம் பங்கை எண்ணிப் பார்க்க வேண்டும். விழா நாளில் வழங்கப்படும் பிரசாதத்தில் நெய்யும் சர்க்கரையும் வழிகின்றன. பிரசாதத்தை மறுப்பது அபசாரம் என்று அஞ்சி, நீரிழிவு உள்ள முதியவர் இரு கையேந்தி வாங்கி உண்கிறார். இறைவனுக்குச் சுண்டலும் பழமும் உவப்பே. பெரிய தொன்னையில் ஒரு சிறு கரண்டி பொங்கலை இட்டு, மீதியைப் பழத்தால் நிரப்பினால் பக்தி குறைந்துவிடாது.

மாதம் ஒருமுறை, பஜனை முடிந்ததும், இரத்த அழுத்தம் அளக்கும் கருவியோடு ஒருவர் கூடத்தின் மூலையில் அமரலாம். அதற்கு ஆகும் செலவு ஒரு நாள் மலர் அலங்காரத்தைவிட அதிகமாக இராது. அளவு கூடியவருக்கு உபதேசம் வேண்டாம். அடுத்த வாரம் அவர் மருத்துவரைப் பார்த்தாரா என்று ஒருவர் அன்போடு கேட்டால் போதும். அரசு மருத்துவமனையில் வரிசையில் நிற்கத் துணை வேண்டுமா என்று இன்னொருவர் கேட்கலாம். நோயிலிருந்து மீண்டு வந்தவர் மறுபடியும் கூட்டத்துக்கு வரும்போது, அவர் எதை உண்டார், எதைக் குடித்தார் என்று ஆராயாமல், அவருக்கு வாசலருகே ஒரு நாற்காலி போட்டு வைக்கலாம். படியேறி வந்தவருக்கு மூச்சு வாங்கும்.